போனே சாவி: ஓடிபி இல்லாமல் லாகின் ஆவது எப்படி?

என் சித்தப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கடையில் மீதிச் சில்லறையை இரண்டு முறை எண்ணிப் பார்த்துத்தான் பையில் போடுவார். அப்படிப்பட்டவருடைய மெயில் கணக்கு போன வருடம் பறிபோனது. "உங்கள் கணக்கில் இடம் தீர்ந்துவிட்டது, இன்றைக்குள் உறுதிசெய்யவும்" என்று ஒரு மெயில். இணைப்பைத் தட்டினார், எப்போதும் பார்க்கும் லாகின் பக்கம் வந்தது. பாஸ்வேர்டைப் போட்டார். போனுக்கு ஆறு இலக்க எண் வந்தது, அதையும் போட்டார். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் போனிலிருந்த மெயிலும் வெளியேறிவிட்டது, திரும்ப உள்ளே போக முடியவில்லை.

"ஓடிபியை யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன் சித்தப்பா" என்று நான் அலுத்துக்கொண்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "நான் யார்கிட்டயும் சொல்லலையேடா. கேட்ட இடத்துலதான போட்டேன்."

யோசித்துப் பார்த்தால் அவர் பக்கம்தான் நியாயம். அவர் எந்த ஆளிடமும் வாய்திறக்கவில்லை. அவர் பார்த்த பக்கம் போலி. பின்னால் இருந்தவன் அவர் தட்டிய பாஸ்வேர்டை அப்படியே அசல் தளத்தில் போட்டிருக்கிறான். அசல் தளம் அசல் ஓடிபியை அவருக்கு அனுப்பியது. அதையும் அவர் போலிப் பக்கத்தில் போட, அந்த ஓடிபி காலாவதியாவதற்குள் அவன் உள்ளே போய்விட்டான். பாஸ்வேர்டுக்கும் ஓடிபிக்கும் உள்ள பொதுவான கோளாறு இதுதான்: இரண்டும் நம் கண்ணில் படுகின்றன, நம் விரல் வழியே போகின்றன. நமக்குத் தெரிந்ததை நம்மிடமிருந்து ஏமாற்றி வாங்கிவிடலாம்.

நமக்கே தெரியாத ரகசியமாக இருந்தால்? போனைச் சாவியாக வைத்துக்கொள்வது (இப்போதைய பெயர் பாஸ்கீ) என்றால் அதுதான். ரகசியம் போனுக்குள் இருக்கிறது. நாமே நினைத்தாலும் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது, எந்தக் கட்டத்திலும் டைப் செய்ய முடியாது.

மாதிரிக் கையெழுத்து

வங்கியில் கணக்குத் தொடங்கும்போது மாதிரிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார்கள். பிறகு செக் வந்தால், அதிலுள்ள கையெழுத்தையும் மாதிரியையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். உங்கள் கை வங்கியில் இல்லை, மாதிரி மட்டும்தான் இருக்கிறது.

போன் சாவியும் கிட்டத்தட்ட இந்த ஏற்பாடுதான். கூகுள் கணக்கை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். சாவியை உருவாக்கச் சொன்னதும் போன் தனக்குள் இரண்டு மிக நீளமான எண்களை உண்டாக்குகிறது. இரண்டும் ஒரு ஜோடி. ஒன்று ரகசியச் சாவி, அது உங்கள் கை மாதிரி, உங்களிடமே இருக்கும். மற்றது பொதுச் சாவி, அது கூகுளுக்குப் போகும். அதுதான் மாதிரிக் கையெழுத்து.

காகிதக் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகிக் கள்ளக் கையெழுத்துப் போடுபவர்கள் உண்டு. இங்கே அது நடக்காது. பொதுச் சாவியை எத்தனை காலம் வைத்துக்கொண்டு பார்த்தாலும் அதிலிருந்து ரகசியச் சாவியைக் கண்டுபிடிக்க இன்றைய கணினிகளால் ஆகாது. இப்படி ஒன்றை வெளியே கொடுத்துவிட்டு இன்னொன்றை மறைத்துவைக்கும் யோசனையை விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இருவர் 1976-லேயே ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். அது சாதாரண ஆளின் லாகின் பக்கம் வரைக்கும் வந்து சேர நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது! இதில் ஒரு கூடுதல் லாபமும் உண்டு. நாளைக்கு ஒரு நிறுவனத்தின் சர்வரையே யாராவது கொள்ளையடித்தாலும் கிடைப்பது மாதிரிக் கையெழுத்துகள்தான். அதை வைத்து ஒருவர் கணக்கிலும் நுழைய முடியாது.

லாகின் ஆகும்போது நடப்பது இதுதான். தளம் ஒரு புதுச் சீட்டை அனுப்புகிறது. முன்பின் வராத, கன்னாபின்னாவென்ற ஒரு எண் வரிசை. "இதில் கையெழுத்துப் போட்டுக் கொடு" என்கிறது. நீங்கள் விரல் வைத்ததும் போன் ரகசியச் சாவியால் அதில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறது. தளம் தன்னிடம் உள்ள பொதுச் சாவியோடு ஒத்துப்பார்த்துவிட்டு உள்ளே விடுகிறது. நடுவழியில் ஒருவன் அந்தக் கையெழுத்தைப் பிடித்து வைத்துக்கொண்டாலும் பிரயோஜனமில்லை. அடுத்த முறை வருவது வேறு சீட்டு.

விரல் வைக்கிறோம் என்றதும் பலருக்கும் வரும் சந்தேகம், "என் கைரேகை கூகுளுக்குப் போகுதா?" போகாது. ரேஷன் கடை மிஷினில் விரல் வைத்தால் அது ஆதார் தரவோடு ஒப்பிடப்படுகிறது, அதற்கு அந்த மிஷின் வெளியே போய்க் கேட்டாக வேண்டும். இங்கே ஒப்பிடும் வேலை போனுக்குள்ளேயே முடிந்துவிடும். கைரேகை என்பது போனுக்குள் ரகசியச் சாவி இருக்கும் டிராயரைத் திறக்க மட்டும்தான். கைரேகை வேலை செய்யாத நாளில் பின் நம்பரோ பேட்டர்னோ போட்டும் அதே டிராயரைத் திறக்கலாம்.

போலிப் பக்கத்தில் ஏன் செல்லாது?

இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ரகசியச் சாவி உருவாகும்போதே அதில் ஒரு முகவரி ஒட்டப்படுகிறது: இது கூகுள் டாட் காமுக்கான சாவி. பிறகு எப்போது லாகின் கேட்டாலும், கேட்பது எந்த முகவரி என்று பிரவுசர் போனிடம் சொல்கிறது. பக்கத்தின் தோற்றம், லோகோ, நிறம் எதையும் போன் பார்ப்பதில்லை. முகவரியை எழுத்துக்கு எழுத்து பார்க்கிறது. கூகுள் என்ற ஆங்கிலச் சொல்லில் இரண்டு 'ஓ'வுக்குப் பதில் இரண்டு பூஜ்ஜியம் வைத்த போலி முகவரி என்றால், சித்தப்பாவின் கண் ஏமாறலாம், என் கண்ணும் ராத்திரி பதினோரு மணிக்கு ஏமாறும். போனுக்கு அது வேறு முகவரி, அவ்வளவுதான். "இந்த இடத்துக்கு என்னிடம் சாவி இல்லை" என்று நின்றுவிடும்.

அதாவது தளம் அசலா போலியா என்று கண்டுபிடிக்கும் வேலை நம் தலையிலிருந்து இறங்கிவிடுகிறது. "எச்சரிக்கையாக இருங்கள்" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்த வேலை அது.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2022 ஜூலையில் க்ளவுட்ஃப்ளேர் என்ற இணைய நிறுவனத்தின் ஊழியர்களுக்கு எஸ்எம்எஸ் மழை பொழிந்தது. ஒரு நிமிடத்துக்குள் குறைந்தது 76 பேருக்கு. இணைப்பைத் தட்டினால் அவர்களுடைய அலுவலக லாகின் பக்கம் போலவே ஒன்று. அந்த முகவரி பதிவாகி 40 நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. அங்கே தட்டப்படும் பாஸ்வேர்டு உடனுக்குடன் டெலிகிராம் வழியாகத் திருடனுக்குப் போகும்படி செய்திருந்தார்கள். இணையப் பாதுகாப்பையே தொழிலாக வைத்திருக்கும் அந்த நிறுவனத்திலும் மூன்று பேர் பாஸ்வேர்டைப் போட்டுவிட்டார்கள். ஆனால் அங்கே எல்லாருக்கும், கணினியில் செருகினால் இதே மாதிரி கையெழுத்துப் போடும் யூஎஸ்பி சாவி கட்டாயம். அந்தச் சாவி போலி முகவரிக்குக் கையெழுத்துப் போடாது என்பதால் திருடன் பாஸ்வேர்டோடு வாசலிலேயே நின்றான்.

கூகுள் 2019 மே மாதம் ஒரு ஆய்வை வெளியிட்டது. ஒருவரைக் குறிவைத்து நடக்கும் தாக்குதல்களில் எஸ்எம்எஸ் ஓடிபி தடுத்தது 76 சதவீதம். போனில் "இது நீங்கள்தானா?" என்று கேட்கும் அறிவிப்பு தடுத்தது 90 சதவீதம். அந்த யூஎஸ்பி சாவி மாதிரியான பாதுகாப்புச் சாவி 100 சதவீதம். நடுவில் உள்ள அந்த அறிவிப்பையும் சாவியையும் நிறையப் பேர் ஒன்றென்று நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. அறிவிப்புக்கு "ஆம்" சொல்ல உங்களை யாராவது ஏமாற்றலாம், இல்லை சலிக்கச் செய்யலாம். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் நுழைந்தவன் அங்கே வேலை பார்த்த ஒருவருக்கு அறிவிப்பு மேல் அறிவிப்பாக அனுப்பிக்கொண்டே இருந்தான். கடைசியில் அவர் ஒன்றை அனுமதித்துவிட்டார்.

போனும் கணினியும் பேசிக்கொள்வது

முன்பெல்லாம் இந்தச் சாவி என்றால் பென் டிரைவ் மாதிரி ஒரு சின்னப் பொருள். காசு கொடுத்து வாங்கி, சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே எல்லார் பையிலும் இருக்கும் போனையே அப்படி ஆக்கினால் என்ன என்று, 2019 ஏப்ரலில் ஆண்ட்ராய்டு 7 அல்லது அதற்கு மேல் உள்ள போன்களுக்குக் கூகுள் இந்த வசதியைக் கொண்டுவந்தது. அப்போது பாஸ்வேர்டு போட்ட பிறகு, இரண்டாவது படியாகத்தான் போன் வரும். கூகுளின் பிக்சல் 3 போனில் வால்யூம் குறைக்கும் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும். வைரஸ் உள்ளே இருந்தாலும் அது விரல் நீட்டிப் பட்டனை அழுத்த முடியாதே! எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு அது. 2020 ஜனவரியில் ஐபோனுக்கும் வந்தது. 2022 மே மாதம் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் ஒரே முறையைப் பின்பற்றுவதாகச் சேர்ந்து அறிவித்தன. அதைத்தான் இப்போது பாஸ்கீ என்கிறார்கள். பாஸ்கீ இருந்தால் பாஸ்வேர்டே தேவையில்லை, சாவி ஒன்று போதும்.

போனிலேயே லாகின் ஆவது சுலபம், விரல் வைத்தால் முடிந்தது. கணினியில் லாகின் ஆகும்போதுதான் வேடிக்கை. லாகின் பக்கத்தில் மெயில் முகவரியைப் போட்டு, பாஸ்கீ என்பதைத் தேர்ந்தெடுத்து, "வேறொரு போனிலிருந்து" என்று சொன்னால் திரையில் ஒரு க்யூஆர் கோடு வரும். போன் கேமராவை அதன் முன் காட்டினால் பாஸ்கீயைப் பயன்படுத்தவா என்று கேட்கும். தட்டுகிறீர்கள். இரண்டு மூன்று விநாடி இணைக்கிறேன் என்று சுற்றும். பிறகு விரல் வைக்கச் சொல்லும். வைத்ததும் கணினித் திரையில் மெயில் திறந்துவிடும். அந்தக் கணினியின் கீபோர்டில் நீங்கள் தட்டியது மெயில் முகவரி மட்டும்.

அந்த இரண்டு மூன்று விநாடியில் நடப்பது நுணுக்கமானது. க்யூஆர் கோடில் அந்த ஒரு முறைக்கான ரகசியம் இருக்கிறது. போன் அதைப் படித்துக்கொண்டு, ப்ளூடூத்தில் சன்னமாக ஒரு குரல் கொடுக்கிறது. பக்கத்திலுள்ள கணினிக்கு அது கேட்டால்தான் மேற்கொண்டு பேச்சு. கேட்ட பிறகு இரண்டும் இணையம் வழியாகப் பூட்டிய குழாயில் பேசி வேலையை முடித்துக்கொள்கின்றன. ப்ளூடூத்தில் ஹெட்செட்டை இணைப்பது போல ஜோடி சேர்க்கும் தொல்லை எல்லாம் கிடையாது. அது இரண்டும் ஒரே அறையில் இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு மட்டும்.

எதற்கு இந்தச் சோதனை? ஒருவன் வேறு ஊரில் உட்கார்ந்துகொண்டு, தன் கணினியில் உங்கள் கணக்குக்கான லாகினைத் தொடங்கி, வந்த க்யூஆர் கோடைப் படம் பிடித்து, "பரிசு விழுந்திருக்கிறது, ஸ்கேன் செய்யுங்கள்" என்று உங்களுக்கு அனுப்பலாம். நீங்கள் ஏமாந்து ஸ்கேன் செய்து விரல் வைக்கவும் தயாராகலாம். ஆனால் உங்கள் போனின் ப்ளூடூத் குரல் அவன் கணினிக்கு எட்டாது.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு நிம்மதி. துபாயிலோ சிங்கப்பூரிலோ இறங்கி அந்த ஊர் சிம்மைப் போட்டதும் ஊர் நம்பருக்கு வரும் ஓடிபி நின்றுபோகும். சாவிக்கு சிம் வேண்டாம். போனில் வைஃபை இருந்தால் போதும்.

நடைமுறையில்

கூகுள் கணக்கு அமைப்புகளில் பாதுகாப்பு என்ற பகுதிக்குப் போனால் பாஸ்கீ என்ற வரி இருக்கும். ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்கு மேல் உள்ள போனிலோ ஐஓஎஸ் 16 அல்லது அதற்கு மேல் உள்ள ஐபோனிலோ உருவாக்கலாம். ஆண்ட்ராய்டு போனில் ஏற்கெனவே கணக்கு இருந்தால் கூகுளே ஒன்றை உருவாக்கி வைத்திருக்கவும் கூடும், போய்ப் பாருங்கள். கணினியில் விண்டோஸ் 10 போதும், ஆனால் ப்ளூடூத் இருக்க வேண்டும். இங்கேதான் நம் ஊர் பிரவுசிங் சென்டரும் பழைய மேசைக் கணினியும் காலை வாரும். பலவற்றில் ப்ளூடூத்தே இருக்காது. வீட்டுக் கணினி என்றால் யூஎஸ்பியில் செருகும் சின்ன ப்ளூடூத் டாங்கிள் ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். சித்தப்பா வீட்டில் அதைத்தான் செய்தேன். இதை எல்லாம் செய்வதற்கு முன் அவர் கணக்கை மீட்க இரண்டு வாரம் பட்ட பாடு தனிக் கதை.

பிரவுசிங் சென்டரில் லாகின் ஆக முடிந்தாலும் வேலை முடிந்ததும் லாக் அவுட் செய்ய மறக்காதீர்கள். சாவி வாசலைத்தான் காக்கும். திறந்த வீட்டை அப்படியே விட்டுவிட்டு வந்தால் அது ஒன்றும் செய்யாது. இதே காரணத்தால்தான், கிராக் சாஃப்ட்வேரோடு வரும் திருட்டு நிரல் உங்கள் பிரவுசரில் ஏற்கெனவே திறந்திருக்கும் லாகினையே அள்ளிக்கொண்டு போனால் பாஸ்கீயால் தடுக்க முடியாது. யூபிஐ பின் கேட்டு ஏமாற்றும் போன் அழைப்புகளுக்கும் இது மருந்தில்லை.

இன்னொரு ஓட்டை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நம் வீடுகளில் போன் பேட்டர்ன் பரம ரகசியம் ஒன்றும் இல்லை. கேம் விளையாட வாங்கும் பிள்ளைக்குத் தெரியும், மாப்பிள்ளைக்குத் தெரியும், சில நேரம் பக்கத்து வீட்டுப் பையனின் கைரேகைகூடப் பதிவாகியிருக்கும். போனைத் திறக்க முடிந்தவர் எல்லாரும் இனி உங்கள் கணக்கையும் திறக்கலாம். பாஸ்கீ வைப்பதற்கு முன் ஸ்கிரீன் லாக்கை மாற்றிவிடுங்கள், பதிவாகியிருக்கும் கைரேகைகளை ஒரு முறை எண்ணிப் பாருங்கள். பலர் கைமாறும் பொதுப் போனில் பாஸ்கீ வைக்கவே வேண்டாம்.

பாஸ்கீ வைத்த பிறகும் பழைய பாஸ்வேர்டு, ஓடிபி வழி திறந்தே இருக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. போலிப் பக்கம் "பாஸ்கீ வேலை செய்யவில்லை, பாஸ்வேர்டைப் போடுங்கள்" என்று கேட்டு, நீங்களும் போட்டால், வாசலில் புதுப் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான். எப்போதும் பாஸ்கீயில் திறக்கும் இடம் திடீரென்று பாஸ்வேர்டு கேட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு, முகவரியை நீங்களே தட்டிப் புதிதாகப் போய்ப் பாருங்கள். பத்திரிகையாளர்கள், அரசியல் களத்தில் இருப்பவர்கள் போல ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்குக் கொல்லைக் கதவை ஏறக்குறைய மூடிவிடும் மேம்பட்ட பாதுகாப்புத் திட்டம் ஒன்றைக் கூகுள் 2017 முதல் இலவசமாக வைத்திருக்கிறது.

சரி, போன் தொலைந்தால்? எடுத்தவன் ஸ்கிரீன் லாக்கைத் திறக்காமல் சாவியைத் தொட முடியாது. உங்களுக்கும் பெரும்பாலும் பாஸ்கீ போய்விடாது. கூகுளின் பாஸ்வேர்டு மேனேஜரும் ஆப்பிளின் ஐகிளவுடும் பாஸ்கீயைப் பூட்டிய நிலையில் பிரதி எடுத்து வைத்திருக்கும். புதுப் போனில் கணக்கைப் போட்டு, பழைய போனின் ஸ்கிரீன் லாக்கைச் சொன்னால் திரும்பக் கிடைக்கும். சாவி போனை விட்டு நகரவே கூடாது என்று நினைக்கும் பாதுகாப்புக்காரர்களுக்கு இந்தப் பிரதி விஷயம் அவ்வளவாகப் பிடிக்காது. என்னைக் கேட்டால், நம்மில் பலருக்கு ஹேக்கர் வருவதற்கு முன் போன் பஸ்ஸில் தொலைந்துவிடும். பிரதி இருப்பதே நல்லது.

ஆனால் புதுப் போனில் கணக்கைப் போடுவதற்கே ஒரு வழி வேண்டுமே. அதற்குக் கூகுள் தரும் பேக்கப் கோடுகளை எடுத்து வையுங்கள். பத்து இருக்கும், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒரு முறைதான் செல்லும். அவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைக்காதீர்கள், பூட்டின பெட்டியின் சாவியை அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்த மாதிரி ஆகிவிடும். காகிதத்தில் எழுதி, பீரோவில் ரேஷன் கார்டும் எல்ஐசி பாண்டும் இருக்கும் பையில் போட்டு வையுங்கள்.

எக்ஸ்சேஞ்சில் பழைய போனைக் கொடுப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் புதுப் போனில் பாஸ்கீ வேலை செய்கிறதா என்று ஒரு முறை லாகின் செய்து பாருங்கள். அப்புறம் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், அங்கே தெரியும் சாதனப் பட்டியலிலிருந்து பழைய போனை வெளியேற்றுங்கள். அதன் பிறகு போனை ஃபேக்டரி ரீசெட் செய்து, கடைக்காரரிடம் கொடுங்கள். கடையில் நின்றுகொண்டு அவசரத்தில் ரீசெட்டை முதலில் செய்தால், புதுப் போனில் பாஸ்கீ வந்து சேரவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.